எண் இல்லாத வில்லை

எங்கள் பண்டாலைத் தெருவிலிருந்து யார் வெளியூர் கிளம்பினாலும், கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ ஆஸ்பத்திரிக்கோ எதற்குப் போனாலும், தெரு முனையில் நிற்கும் இரண்டு கல்தூண்களுக்கு நடுவே வந்ததும் ஒரு நொடி நின்று, வெறும் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்துவைப்பார்கள். புதிதாக வரும் பஸ் டிரைவர்கள் இதை ஏதோ நேர்ச்சை என்று நினைத்துத் தங்கள் கழுத்தையும் தடவிக்கொள்கிறார்கள். நேர்ச்சை எல்லாம் இல்லை. ஒரு சித்திரையிலிருந்து ஆவணி வரை நாங்கள் உள்ளே அடைபட்டுக் கிடந்தோம், அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை, அவ்வளவுதான்.

எல்லாம் தனிஸ்லாஸ் அண்ணாச்சியின் கை சும்மா இராததால் வந்தது. மதுரையில் ஒரு நகைக்கடை வாசலில் இருபத்திரண்டு வருஷம் செக்யூரிட்டியாக நின்று, வருகிறவர் போகிறவர் இடுப்பையெல்லாம் மெட்டல் டிடெக்டர் தடியால் தடவிப் பார்த்தவர் அவர். ஓய்வு பெற்றபோது கடைக்காரர்கள் ஒரு சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து, புதுத் தடி வந்துவிட்டதால் பழையதையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். வேறொருவராக இருந்தால் அதைப் பரணில் போட்டிருப்பார். இவர் அதை ஒரு பனைமட்டையின் நுனியில் கம்பியால் கட்டி நீளமாக்கி, வெள்ளைக் கையுறையும் மாட்டிக்கொண்டு, விடிந்ததும் கடற்கரையைச் சோதனை போடக் கிளம்பிவிடுவார். சோடா மூடி, தூண்டில் முள், கொலுசுத் திருகாணி, ஒருமுறை ஒரு அந்தோணியார் சுரூபம். சோடா மூடி அண்ணாச்சி என்று பேர் வைத்தோம், அவர் கோபப்படவில்லை.

அந்தச் சித்திரையில், காற்றில்லை மழையில்லை ஒரு மேகத் துணுக்குமில்லை, பட்டப்பகலில் கள்ளக்கடல் ஏறி மூன்றாவது வீட்டு அடுப்படி வரைக்கும் வந்து, அடுப்பில் இருந்த குழம்புச்சட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனது. போகும்போது கரையில் ஒரு ஆள் உயர மணலையும் அரித்துக்கொண்டு போய்விட்டது. மறுநாள் அண்ணாச்சியின் தடி ஓரிடத்தில் கத்தத் தொடங்கி நிறுத்தவே இல்லை. தோண்டினால் உடைந்த சாடி ஒன்று, அதற்குள் இருபத்திநான்கு பித்தளை வில்லைகள். அந்தக் காலத்து ஒரு ரூபாய் அளவு, மேலே கயிறு கோக்க ஒரு துளை, ஒரு பக்கம் பாய்மரக் கப்பலும் 'வெ. அன் கோ.' என்ற எழுத்தும், மறுபக்கம் ஒரு எண்.

அண்ணாச்சி அவற்றைத் துண்டில் முடிந்து வீட்டில் வைத்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு வந்தார். நான்தான் எங்கள் தெருவின் நூலகர். பேர் எமரென்சியா, எல்லாருக்கும் எமரி. வயது நாற்பத்தாறு, கல்யாணம் ஆகவில்லை, அம்மா விட்டுப்போன வீட்டில் தனியாக இருக்கிறேன். பழைய காசு சேர்க்கிறவர்களின் வாட்ஸாப் குழு ஒன்றைத் தேடிப் பிடித்து, சேலத்தில் ஜம்புலிங்கம் என்பவருக்குப் படத்தை அனுப்பினேன். வணக்கம் சகோதரி, இது வியாபாரிகள் தங்கள் பண்டகசாலைக்காக அடித்த வில்லை, அரியது, தயவுசெய்து யாரும் தேய்க்க வேண்டாம், தண்ணீர்கூடப் படக்கூடாது என்று பதில் வந்தது.

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அண்ணாச்சியின் மனைவி பெர்னாத்து அக்கா கிணற்றடியில் உட்கார்ந்து, முதல் வில்லையைப் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்துக் கழுவி வெயிலில் காட்டிக்கொண்டிருந்தாள். பித்தளை என்று ஒன்று கையில் கிடைத்துவிட்டால் அக்காவுக்குப் புளி இல்லாமல் ஆகாது. கோயில் மெழுகுதிரித் தண்டுகளைப் பெரிய வியாழனுக்கு முன்னால் தேய்க்கப் போய், அதிலிருந்த சிறகு வைத்த சம்மனசுகளுக்கு மூக்கே இல்லாமல் ஆக்கியவள் அவள். கப்பலும் இல்லை, எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. வில்லை தங்கம்போல மின்னியது.

"எப்படி, பளபளன்னு இருக்கா?" என்றாள்.

"நாசமாப் போச்சு. எதுக்குட்டி தொட்ட?" என்றார் அண்ணாச்சி.

"அழுக்கோட வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சா தொடத்தான் செய்வாவ."

மீதி இருபத்துமூன்றும் பிழைத்தன. கடல் தந்ததைத் தனியே வைத்துக்கொள்ளக் கூடாது, வீட்டுக்கு ஒரு பங்கு போகவேண்டும் என்பது எங்கள் கரையின் வழக்கம். பெரிய திருக்கை கிடைத்தாலும் சரி, ஒதுங்கிய மரக்கட்டை கிடைத்தாலும் சரி. தெருவில் இருபத்திநான்கு வீடு, வில்லையும் இருபத்திநான்கு. அண்ணாச்சி கையுறை போட்ட கையால் வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டே போனார், வீட்டுக்கு ஒருவர் வெறுங்கையால் வாங்கிக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டோம். எனக்கு வந்த எண் ஐம்பத்தெட்டு, தேய்ந்துபோனது அக்காவுக்கே.

திங்கட்கிழமை காலை ஆறே முக்கால் பஸ்ஸில் ஏறியவர்கள் ஒன்பது பேர், அதில் வில்லை வாங்கியவர்கள் ஐந்து பேர். பஸ் கிளம்பி, கண்டக்டர் சீட்டுக் கிழித்துக் கொடுத்து, கல்தூண்களைத் தாண்டியது. தாண்டியதும் அந்த ஐந்து பேரும் கையில் டிக்கெட்டோடும் மடியில் சாப்பாட்டுப் பையோடும் தூணுக்கு இந்தப் பக்கம் கடலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். இறங்கிய ஞாபகம் யாருக்கும் இல்லை. "எறங்குறதா இருந்தா விசில் அடிக்கச் சொல்லணும்லா, ஓடுற வண்டியில இருந்து குதிச்சா என் வேலைல்லா போவும்" என்று கண்டக்டர் தூரத்திலிருந்து கத்தினார். மறுபடி நடந்து போனார்கள், நடந்து வந்தார்கள். சைக்கிளில் போனார்கள், சைக்கிளில் வந்தார்கள். மேற்கே பனங்கூட்டத்துக்குள் புகுந்து போனவர்கள் அதே பனங்கூட்டத்திலிருந்து வெளிப்பட்டார்கள். வள்ளத்தில் போன மிக்கேல், வள்ளம் மட்டும் கூட்டாளிகளோடு போய்க்கொண்டிருக்க, முழங்கால் வரை நனைந்து கரையில் நின்றான். வில்லையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாலும் அதே கதைதான். ஒருமுறை கையில் வாங்கினால் வாங்கியதுதான்.

ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை. கேட்க நேரமில்லை, ஆளுக்கு ஆயிரம் சோலி கிடந்தது. செல்வின் வாத்தியார் போனிலேயே பாடம் நடத்த ஏற்பாடு செய்துகொண்டார். அதிகாரிகள் வந்து தூணை அளந்தார்கள், டிவிக்காரர்கள் வந்து இரண்டு நாள் மீன் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள், பஞ்சாயத்திலிருந்து ஒரு டியூப்லைட் போட்டார்கள். சாமியார் ஞாயிறு பூசையை எங்கள் தெருவில் மாதா நிற்கும் கெபியிலேயே வைக்கத் தொடங்கினார். வெளியே தூணுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை முளைத்தது. உள்ளே இருப்பவன் கை நீட்டினால் வெளியே இருப்பவன் கிளாஸைக் கொடுப்பான், கை தாண்டும், ஆள்தான் தாண்டக் கூடாது. மிக்கேலின் அக்கா மகளுக்கு அந்த வைகாசியில் கல்யாணம். தாய்மாமன் வெளியே வர முடியாததால் பொண்ணு மாப்பிள்ளை பந்தல் மேளம் எல்லாம் தூணுக்கு வந்து, அவன் உள்ளே நின்றபடியே மாலையை எடுத்துக் கொடுத்தான். செபஸ்தியம்மாவின் அண்ணன் செத்தபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு தூண் வரைக்கும் வந்தார்கள். அவள் இந்தப் பக்கம் நின்று எட்டி அவன் நெற்றியைத் தொட்டு, தொட்ட கையை எடுக்காமல் அரை மணி நேரம் நின்றாள். அன்றைக்குத்தான் முதன்முதலாக எங்கள் தெருவில் எல்லாரும் அழுதோம்.

வெளியூர்க்காரர்கள் கதையைக் கேட்டுவிட்டு வேறு மாதிரி வந்தார்கள். துபாய்க்குக் கிளம்பும் மகனை நிறுத்த ஒரு தாய், குடித்துவிட்டு வீடு தங்காத புருஷனுக்காக ஒரு பெஞ்சாதி, ஓடிப்போகப் போகிறாள் என்று பயந்து மகளைக் கையோடு இழுத்து வந்த ஒரு தகப்பன். எல்லாருக்கும் ஒரே கேள்வி: "வில்லை ஒண்ணு மிச்சம் இருக்குமா?" மனுஷனைப் பூட்டிவைக்க ஊரில் இத்தனை பேர் பூட்டுத் தேடுகிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் எனக்கு அந்தப் பூட்டு பிடித்திருந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் என் அண்ணன் அலோசியஸ் இருக்கிறான். அவன் மாமியார் படுத்த படுக்கையாகி இரண்டு வருஷம். வந்த வேலைக்காரிகள் யாரும் நிற்கவில்லை. நீ அங்கே தனியாக இருந்து என்ன செய்கிறாய், இங்கே வந்துவிட்டால் குடும்பத்தோடு இருந்த மாதிரியும் ஆச்சு, வீட்டை விற்றுவிடலாம் என்று போனில் முடிவு செய்து, மே மாதம் வேன் கொண்டுவருவதாகவும் சொல்லிவிட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் வீட்டில் என்னை யாரும் எதையும் கேட்டதில்லை, நானும் முடியாது என்று சொல்லிப் பழகவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை நிறுத்து என்றபோதும் தலையாட்டினவள்தான் நான்.

மே மாதம் வேன் வந்தது. அலோசியஸ் தூணுக்கு வெளியே நின்று "ஏறு" என்றான். நான் பையை எடுத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக நடந்து, தூணைத் தாண்டி, முகம் கடலைப் பார்க்க உள்ளேயே வந்து நின்றேன். திரும்பிப் பார்த்து, "முடியலையே அண்ணா" என்றேன். என் வாழ்க்கையில் இத்தனை சந்தோஷமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. தெருவில் மற்றவர்கள் ஜெயிலில் இருந்தார்கள். நான் அந்த ஜெயிலுக்குள் ஒளிந்து இருந்தேன்.

பெர்னாத்து அக்காவுக்கு அப்படி இல்லை. அவள் ஒரே மகள் ரெக்ஸ்லின் திருவனந்தபுரத்தில் மாப்பிள்ளை வீட்டில் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துத் தங்கிய கரு. தாய் வீட்டுக்குக்கூடப் போகக் கூடாது, கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்கள். ஆவணிக் கடைசியில் நாள் குறித்திருந்தது. மகள் வர முடியாது என்றால் தாய் போயாக வேண்டும். கையுறை போட்ட புண்ணியத்தில் அண்ணாச்சிக்கு எந்தத் தடையும் இல்லை, வாராவாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஆனால் ரெக்ஸ்லின் போனில் ஒவ்வொரு நாளும் கேட்டது ஒன்றுதான்: "எம்மா, வந்துருவீயல்லா?"

"வராம எங்க போவேன்?" என்பாள் அக்கா. போனை வைத்துவிட்டுத் தூண் வரை போய், ஒருமுறை தாண்டிப் பார்த்து, உள்ளே வந்து நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உலை வைக்கப் போவாள். தினம் காலையில் இது நடக்கும். ஒரு நாளும் தப்பியதில்லை.

அவளுக்காகத்தான் நான் தேடத் தொடங்கினேன், அதுவும் உண்மை. இரண்டு மாதம் ஜம்புலிங்கத்தை விடாமல் நச்சரித்தேன், பழைய கோயில் புத்தகங்களைப் புரட்டினேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வெளியே வந்தது. எங்கள் தெரு முழுக்க ஒரு காலத்தில் வென்றிலிங்கம் என்ற வியாபாரியின் பண்டகசாலை. மேலே சொன்ன தூண்கள் அதன் வாசல். வெள்ளைக்காரனுக்கு வயிறு இளகுவதற்காக இங்கேயிருந்து நிலவாகை இலை கப்பல் ஏறியிருக்கிறது. இலை பொறுக்கிய பெண்கள் மடியில் ஒரு பிடி கொண்டுபோய்விடுவார்கள் என்ற சந்தேகத்தில் முதலாளி வில்லை அடித்தார். காலையில் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும், மாலையில் சோதனை முடித்துத் திருப்பிக் கொடுத்தால்தான் வாசல் திறக்கும். ஒரு நாள் யுத்தம் வந்து கப்பல் நின்றது. முதலாளி பகல் பன்னிரண்டு மணிக்கு வாசலைப் பூட்டிக்கொண்டு போனவர் திரும்பவில்லை. உள்ளே இருந்தவர்கள் இருட்டும் வரை பார்த்துவிட்டு வில்லைகளைச் சாடியில் போட்டுப் புதைத்துவிட்டு, மதிலில் ஏறிக் குதித்துப் போயிருக்கிறார்கள். பிறகு மதிலும் விழுந்தது, நாங்கள் குடிவந்தோம். வேலை முடிந்தது என்று அந்த இடத்துக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஆடிக் கடைசியில் ஜம்புலிங்கம் யாரிடமோ வாங்கி, அச்சடித்த பழைய தாள் ஒன்றின் படத்தை அனுப்பினார். பண்டகசாலை வாயில் விதிகள். நூலகத்து முற்றத்தில் எல்லாரையும் கூட்டி நான் உரக்கப் படித்தேன்: "வில்லை பெற்றவர் தன் கையால் வாயிற்காப்போன் கையில் அதைக் கொடுத்து, எண்ணைச் சொல்லி வெளியேற வேண்டியது. பிடுங்கியதும் பிறர் கொடுத்ததும் செல்லாது. வாயிற்காப்போன் வில்லைக்கு எண் கிடையாது. உள்ளிருக்கும் வில்லை யாவும் கைக்கு வந்த பிற்பாடே அவர் வாயிலைத் தாண்டலாகும்."

வாயிற்காப்போன் என்று படித்ததுமே அண்ணாச்சி வீட்டுக்கு ஓடி, பழைய யூனிபாரத்தைப் போட்டு, கையுறையும் விசிலும் மாட்டிக்கொண்டு தூணுக்கு நடுவில் போய் நின்றுவிட்டார். இருபத்திரண்டு வருஷ அனுபவம் எதற்கு? செல்வின் வாத்தியார் முதல் ஆளாகப் போய் "பதினேழு" என்று வில்லையைக் கொடுத்தார். அண்ணாச்சி அவர் இடுப்பைத் தடியால் தடவி, சல்யூட் அடித்து, "போகலாம் சார்" என்றார். வாத்தியார் போனார், வந்தார். மறுபடி போனார், மறுபடி வந்தார்.

அப்போதுதான் மிக்கேல் சொன்னான்: "எண் இல்லாத வில்லை அக்காட்டல்லா இருக்கு."

எல்லாரும் பெர்னாத்து அக்காவைப் பார்த்தோம். அவள் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் அந்த வழுக்கை வில்லை மின்னிக்கொண்டிருந்தது. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தன்னைத் தானே வாயிற்காப்போன் ஆக்கிக்கொண்டிருந்தாள். அவள் தயங்கித் தயங்கிப் போய் நின்று கையை நீட்ட, வாத்தியார் வில்லையை அண்ணாச்சியிடமிருந்து திரும்ப வாங்கி "பதினேழு" என்று கொடுத்துவிட்டு நடந்தார். போனார். போய்க்கொண்டே இருந்தார். உப்பளம் வரைக்கும் ஓடி, அங்கே நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். பிறகு சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டதாகத் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு மறுபடி போனார். அன்று சாயங்காலத்துக்குள் இருபத்திரண்டு பேர் வில்லையைக் கொடுத்து வெளியே போய், சும்மா நின்றுவிட்டு, சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்கள். செபஸ்தியம்மா மட்டும் நேரே அண்ணன் கல்லறைக்குப் போனாள்.

"இன்னும் ஒண்ணு வரணும்" என்றாள் அக்கா. "ஏளா எமரி, உன்னது?"

"தொலஞ்சு போச்சுக்கா" என்றேன். "போன மாசம் கடல்ல கால் நனைக்கப் போனப்ப விழுந்துட்டு."

எப்படி அந்தப் பொய் வந்தது என்று எனக்கே தெரியாது. முன்கூட்டியே வாயில் தயாராக வைத்திருந்ததுபோல வந்தது. என் வில்லை நூலகத்தில், பழைய புத்தகப் பட்டியல் அட்டைகள் அடுக்கிய பெட்டகத்தின் கடைசி இழுப்பறையில் இருந்தது. அதைக் கொடுத்தால் அலோசியஸின் வேனுக்கும் எனக்கும் நடுவில் நிற்க எதுவும் இல்லை. தொலைந்தது உனக்கும் கஷ்டம்தானே, பாவம், என்று அக்கா என் தலையைத் தடவிவிட்டாள். நான் அன்று இரவு சாப்பிடவில்லை. ஆனால் கொடுக்கவும் இல்லை.

மறுநாளிலிருந்து அவள் பனைமட்டைத் தடியை எடுத்துக்கொண்டு கரையில் இறங்கினாள். நூலகத்து ஜன்னலிலிருந்து கரை முழுக்கத் தெரியும். வெயிலில் முக்காடு போட்டுக்கொண்டு, வடக்கே இருந்து தெற்கே ஒரு கோடு, தெற்கே இருந்து வடக்கே ஒரு கோடு, வயலுக்கு ஏர் பிடித்தாற்போல. தடி கத்தும்போதெல்லாம் உட்கார்ந்து கையால் தோண்டுவாள். சோடா மூடியாக இருக்கும். எழுந்து மறுபடி நடப்பாள். பதினோரு நாள் அதைப் பார்த்துக்கொண்டு நான் உள்ளே உட்கார்ந்து பத்திரிகைகளுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். கல்நெஞ்சக்காரி என்று என்னைச் சொன்னால் சரி, நானே சொல்லிக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் வெயில் தாங்காமல் தண்ணீர் குடிக்க நூலகத்துக்கு வந்தாள். தோளில் இருந்த தடியை இறக்கிச் சுவரில் சாத்தப் போனாள். அது அட்டைப் பெட்டகத்தின் பக்கம் சாய்ந்ததும் கத்தியது. அவள் மேல் இழுப்பறைப் பக்கம் நகர்த்தினாள், நின்றது. கீழே கொண்டுபோனாள், கத்தியது. நான் தண்ணீர்ச் செம்பை அவளிடம் நீட்டினேன்.

"பூட்டா இருக்கும்" என்றேன்.

"இருக்கும்" என்றாள். செம்பை வாங்கிக் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு வெகு நேரம் என்னைப் பார்த்தாள். "பிடுங்குனா செல்லாதுன்னு நீதான வாசிச்ச?"

"ஆமாக்கா."

"அப்ப நான் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, தடியை எடுத்துக்கொண்டு போனாள். திட்டியிருந்தால் தேவலை. அதற்குப் பிறகு அவள் கரையில் தேடவில்லை. தூணடியில் ஒரு பலகையைப் போட்டு, பிள்ளைபெற்றவளுக்கான மருந்துச் சரக்கெல்லாம் கட்டிய ஓலைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, நூலகத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு அலோசியஸ் காரில் வந்தான். எல்லாரையும் விட்டாச்சாமே என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். டீக்கடைக்காரர், மிக்கேல், வாத்தியார், தெருவே கூடி நிற்க, "நட பார்ப்போம்" என்றான். நடந்தேன், உள்ளே வந்து நின்றேன். "முடியலையே அண்ணா" என்றேன். இந்தத் தடவை சந்தோஷம் வரவில்லை, ஏனென்றால் பக்கத்தில் பலகையில் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் அவள் போன் அடித்தது. நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது, ஆனால் பிள்ளைக்கு அது தெரியாது. அக்கா அவசரமாக எடுத்ததில் ஸ்பீக்கர் அழுந்திவிட்டது, தெருவே கேட்டது. "எம்மா, வலி கண்டுட்டு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாவ. பயமா இருக்கும்மா. எங்க நிக்கிய?"

"வாசல்ல நிக்கேன்" என்றாள் அக்கா. "இந்தா வந்துட்டேன்." எழுந்து, பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, நூற்றுச் சொச்சமாவது தடவையாகத் தூணைத் தாண்டி, உள்ளே வந்து நின்றாள். என் முகத்துக்கு நேரே வந்து நின்றாள்.

நான் ஓடினேன். செருப்பு அறுந்து போனதுகூடத் தெரியாமல் நூலகத்துக்கு ஓடி, இழுப்பறையை இழுத்த வேகத்தில் அது கையோடு வந்துவிட, கொட்டிய அட்டைகளுக்குள் துழாவி எடுத்துக்கொண்டு ஓடி வந்து, தெரு மொத்தமும் பார்க்க, அக்காவின் உள்ளங்கையில் வைத்தேன்.

"எண் சொல்லு" என்றாள்.

"ஐம்பத்தெட்டு."

"போ" என்றாள். வாயிற்காப்போன் கடைசியாகத்தானே போக வேண்டும். நான் தாண்டினேன். தார் ரோட்டின் சூடு வெறுங்காலில் பட்டது, எதிரே கடல் இல்லை, உப்பளம் இருந்தது. எனக்குப் பின்னாலேயே அக்கா வந்தாள். வெளியே வந்ததும் கழுத்திலிருந்த வழுக்கை வில்லையையும் கழற்றி, என்னுடையதோடு சேர்த்து, மற்ற வில்லைகளைப் போட்டுவைத்திருந்த தூணின் பொந்துக்குள் போட்டாள். உள்ளே அவை விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

அலோசியஸ் கார்க் கதவைத் திறந்தான். "அப்ப இத்தனை நாளா ஏமாத்திட்டு இருந்தியா? சரி, அதான் வெளிய வந்துட்டியே. ஏறு."

நான் தூணைத் திரும்பிப் பார்த்தேன். பழக்கம். அது ஒன்றும் செய்யவில்லை. இனி அது எனக்காக எதையும் சொல்லாது.

"வரலை" என்றேன்.

"என்னது?"

"நான் வரலை அண்ணா. வீட்டையும் விக்கலை." அவன் வாயைத் திறப்பதற்குள் அவசரமாகச் சொன்னேன்: "வந்த காரு சும்மா போக வேண்டாம். அக்காவைத் திருவனந்தபுரத்துல கொண்டு விட்டுட்டுப் போ. பிள்ளைப்பேறு."

அத்தனை பேர் முன்னால் பிள்ளைப்பேற்றுக்கு முடியாது என்று சொல்லிவிட்டு எவன் இந்தக் கரையில் கார் ஓட்ட முடியும்? அவன் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு முன்கதவைத் திறந்தான். அக்காவும் அண்ணாச்சியும் ஏறினார்கள். கார் போனதும் நான் திரும்பி நடந்து, இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ளே வந்தேன். என்னை யாரும் திருப்பவில்லை. என் காலால் நானே வந்தேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு நல்லது. கார் நாகர்கோவில் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோதே பிள்ளை பிறந்துவிட்டது. ரெக்ஸ்லின் கடைசி வரைக்கும் அம்மா வந்தாச்சா என்று கேட்டிருக்கிறாள், வாசலில்தான் நிற்கிறார்கள் என்று நர்ஸ் பொய் சொல்லியிருக்கிறாள். அக்கா ஒன்றரை மணி நேரம் பிந்திப் போய்ச் சேர்ந்தாள். ஏழு வருஷம் காத்திருந்த அழுகையை அவள் கேட்கவில்லை. அந்த ஒன்றரை மணி நேரம் என் இழுப்பறையில் இருந்தது. இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஐப்பசியில் மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். டாக்ஸி தூணுக்கு வெளியே நின்றது. அக்கா பிள்ளையோடு இறங்கினாள், இறங்கியவள் அங்கேயே நின்றுவிட்டாள். அண்ணாச்சி பெட்டிகளை உள்ளே கொண்டு வைத்துவிட்டு வந்து கூப்பிட்டார், நகரவில்லை. மகள் கூப்பிட்டாள், பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "உள்ள போனா வெளிய வர விடுமா?" என்றாள். "எனக்குன்னா பரவால்ல. பிள்ளையக் கொண்டு போவேனா?"

யார் சொல்லியும் கேட்கவில்லை. நான் நூலகத்தை அப்படியே விட்டுவிட்டுப் போய், அவள் கண் முன்னால் தூணைத் தாண்டி வெளியே வந்தேன். மறுபடி உள்ளே போனேன். மறுபடி வெளியே வந்தேன். தூணில் கட்டியிருந்த ஆடு மேய்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே, எத்தனை தடவை என்று எண்ணவில்லை. மூச்சு வாங்கியது, புடவைக் கரை எல்லாம் செம்மண், கண்ணீர் எப்போது வரத் தொடங்கியது என்றும் தெரியாது. நான் நிறுத்தவில்லை.

"போதும்ளா" என்றாள் அக்கா. "பிள்ளைக்குத் தலை சுத்தும்."

நான் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், நூலகத்தில் செம்போடு பார்த்தாளே, அதே பார்வை. பிறகு துணியோடு பிள்ளையைத் தூக்கி, தன் கையால், என் கையில் கொடுத்தாள்.

"நீ தூக்கிட்டு முன்னாடி போ" என்றாள். "இதையும் கொண்டு போய் இழுப்பறையில ஒளிச்சு வச்சிராத."